வக்கீல் இருக்கும்போது சிறையிலிருந்து தானாக மனு போடலாமா?

குழித்துறைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. அண்ணன் ஓர் அடிதடி வழக்கில், கொலை முயற்சிப் பிரிவும் சேர்க்கப்பட்டு, நாகர்கோவில் மாவட்டச் சிறையில் இருக்கிறார். வக்கீல் வைத்தாயிற்று, பீஸும் கொடுத்தாயிற்று. வாய்தா வாய்தாவாகப் போகிறதே தவிர எதுவும் நகரவில்லை. உள்ளே மனு எழுதத் தெரிந்த ஒருவர், "நீயே ஜட்ஜுக்கு எழுது, நான் எழுதித் தருகிறேன், வக்கீலுக்குத் தெரிய வேண்டாம்" என்கிறாராம். அமெரிக்காவில் வக்கீல் உள்ளவர் இப்படிப் போட்டால் கோர்ட் ஏறெடுத்தும் பார்க்காது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம். நம்மூரில் போடலாமா, போட்டால் ஏதாவது கெடுதல் வருமா?

போடலாமா கூடாதா என்று கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று படுகிறது. வக்கீல் மேல் நம்பிக்கை ஆடிவிட்டது. அண்ணன் சொல்வது நீதிபதி காதில் விழ வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல. இந்த மாவட்டத்துக் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, சிரஸ்தாராக, அதாவது நீதிமன்றத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். சிறையிலிருந்து வரும் கவரைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, வழக்குக் கட்டில் சேர்த்து, நீதிபதி மேசையில் வைப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்த மனுக்கள் யாரைக் காப்பாற்றின, யாரைக் கெடுத்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனின் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், நீதிபதிக்கு நீதிபதி மாறுவதை அப்படியே குறிப்பிட்டும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. தனக்குப் பிடித்த வக்கீலை வைத்து வாதாடும் உரிமை அரசியலமைப்பின் 22(1) பிரிவில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 303, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 340 அதையே சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருப்பதால் இனிப் புதிய எண்களையே சொல்கிறேன். வக்காலத்து கொடுத்துவிட்டால் எதிரி (கோர்ட் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் சொல்வோம்) தன் கையால் நீதிமன்றத்துக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் தடை இல்லை. அதே சமயம், வக்கீலும் வாதாடுவார், நானும் தனியாக மனு போட்டுக்கொண்டே இருப்பேன் என்று இரண்டையும் சேர்த்து உரிமையாகக் கேட்கவும் இடமில்லை. அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பெருமளவு சரி. அங்கே 1975-இல் பரெட்டா வழக்கில், வக்கீலே வேண்டாம், நானே வாதாடுகிறேன் என்று சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1984-இல் மெக்காஸ்கில் வழக்கில், வக்கீலையும் வைத்துக்கொண்டு தானும் பாதி வாதாடும் உரிமை கிடையாது என்றது. அதனால் வக்கீல் உள்ளவர் தானாகப் போடும் மனுவை அங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்காமல் விட்டுவிடும், அல்லது அவருடைய வக்கீலுக்கே அனுப்பிவைக்கும். நம்மிடம் அந்த அளவுக்குக் கறார் இல்லை. எல்லாம் நீதிபதியின் விருப்புரிமையில் நிற்கிறது.

அந்தக் கவர் போகும் வழியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "வக்கீலுக்குத் தெரிய வேண்டாம்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அண்ணன் எழுதியதைச் சிறை அலுவலகம் வாங்கி, கையெழுத்தையோ கைரேகையையோ சான்றிட்டு, முகப்புக் கடிதத்தோடு அனுப்பும். தபால் பிரிவில் பதிவாகி, வழக்கு எண் பார்த்து, கட்டோடு சேர்த்து நீதிபதியிடம் போகும். ஜாமீன் போன்ற பரிகாரம் கேட்டிருந்தால் சில நீதிபதிகள் குற்றவியல் பல்வகை மனுவாக எண்ணிடச் சொல்வார்கள். எண்ணிட்டால் அரசு வழக்கறிஞருக்கு நகல் போகும், அவர் காவல் நிலையத்தில் அறிக்கை கேட்பார். சிலர் "எதிரி தரப்பு வக்கீலுக்குத் தெரிவிக்கவும்" என்று ஓரத்தில் எழுதி அடுத்த வாய்தாவுக்கு வைப்பார்கள். அந்த வாய்தாவில் காணொலியில் அண்ணனைப் பார்த்து நீதிபதி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "உமக்கு வக்கீல் இருக்கிறாரே, அவர் வேண்டாமா?" ஆக, அந்த மனுவைப் படிப்பவர்களில் சிறை அலுவலர், நீதிமன்ற எழுத்தர், நீதிபதி, ஏபிபி என்னும் அரசு உதவி வழக்கறிஞர், சில நேரம் இன்ஸ்பெக்டர், கடைசியில் உங்கள் வக்கீல் எல்லோரும் உண்டு. வக்கீலிடம் தனியாகச் சொல்வதற்குச் சட்டம் தரும் ரகசியக் காப்பு இந்தக் காகிதத்துக்குக் கிடையாது.

நான் கண்ட கெடுதல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கியது. சிறையில் மனு எழுதித் தருபவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, நாலு பேருக்கு உதவுகிற மனம்தான். ஆனால் அவர்கள் கையில் ஒரு வார்ப்பு இருக்கும்: "கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு" என்று தொடங்கி, நடந்த கதையை முழுக்க எழுதி, கடைசியில் ஜாமீன் கேட்பார்கள். அந்தக் கதைக்குள் இப்படி ஒரு வரி வந்து உட்காரும்: "சம்பவ இடத்தில் நான் நின்றது உண்மை, ஆனால் வெட்டியது நான் அல்ல." எழுதியவருக்கு இது குற்றத்தை மறுக்கிற வரி. ஏபிபி கண்ணுக்கு இது அவர் நிரூபிக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த பாதியை எதிரியே எழுதிக் கொடுத்த வரி. பலர் சேர்ந்து செய்ததாகச் சொல்லும் வழக்கில், பொது எண்ணம் என்ற பிரிவு இருக்கிறது; பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 34. அந்தப் பிரிவு சேர்ந்துவிட்டால், யார் கையில் அரிவாள் இருந்தது என்பதோடு யார் யார் கூட நின்றார்கள் என்பதும் பெரிய கேள்வியாகிவிடும். உங்கள் வக்கீலோ, என் கட்சிக்காரர் அன்று அந்த இடத்திலேயே இல்லை என்று குறுக்கு விசாரணைக்குத் தயார் செய்துகொண்டிருக்கலாம். அந்த ஒரு வரி அவ்வளவையும் தட்டிவிடும்.

இப்படிப்பட்ட வரியைப் பிறகு சாட்சியமாகப் பயன்படுத்த முடியுமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. எதிரி தானாக முன்வந்து எழுதியது, போலீசிடம் சொன்னது அல்ல, எனவே ஒப்புக்கொள்ளல்தான் என்பார் அரசு வழக்கறிஞர். சட்டம் தெரியாதவர் வேறொருவர் கையால் எழுதியது, அதற்கு எடை தரக்கூடாது என்பார் எதிரி தரப்பு. எந்த நீதிபதி எந்தப் பக்கம் போவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எப்படியானாலும் அந்த வரி வழக்குக் கட்டில் இருக்கும், விசாரணை நடத்தும் நீதிபதி அதைப் படித்திருப்பார்.

இனி, தானாக எழுதும் மனு உயிரைக் காக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காணொலியில் காட்டி ரிமாண்டை, அதாவது நீதிமன்றக் காவலை நீட்டுவதையும் வீட்டார் வாய்தா என்றே சொல்வது நம் வழக்கம். உங்கள் அண்ணனுக்கு நடப்பது அதுதான் என்றால் கதையே வேறு. 187(3) பிரிவின்படி, மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்தில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமை. வழக்கின் பலம் பலவீனம் எதையும் பார்க்க மாட்டார்கள். முதல் ரிமாண்ட் தேதியையும் சேர்த்தே நாளை எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது. இருபது கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வழக்கு என்றால் 180 நாள். தண்டனையின் உச்ச வரம்பு சரியாகப் பத்தாண்டில் நிற்கும் சில குற்றங்களில் 60-ஆ 90-ஆ என்று வழக்காடுகிறார்கள். கொலை முயற்சியில் காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பதால், 90 என்றே எண்ணிக்கொள்வது பத்திரம். இந்த உரிமையில் ஒரு கண்ணி இருக்கிறது. நாள் முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டு, மறுநாள் காலையில் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போயிற்று. வக்கீல் ஊரில் இல்லை, போனை எடுக்கவில்லை என்றால் அண்ணன் காத்திருக்கவே கூடாது. காணொலியில் நீதிபதி முகம் தெரியும்போது வாயாலேயே கேட்கலாம். 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில், வாய்மொழியாகக் கேட்டாலும் போதும், தனிமனித சுதந்திரத்தில் சம்பிரதாயம் பார்க்கக்கூடாது, இந்த உரிமை இருக்கிறது என்பதை எதிரிக்குச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு ஒரு தாளில் இரண்டு வரி எழுதிச் சிறை அலுவலகத்தில் கொடுத்து, தேதியும் நேரமும் போட்டு ஒப்புகை வாங்கிவிட வேண்டும். இதில் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை. ரிமாண்ட் தேதியும், நாள் கணக்கும், கோரிக்கையும் போதும்.

சட்டமே எதிரியின் சொந்த வாய்க்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் 351-ஆம் பிரிவில் நீதிபதி எதிரியிடமே கேள்வி கேட்பார். அங்கே எழுத்து மூலமாகவும் வாக்குமூலம் தரலாம். தன் வழக்கில் தானே சாட்சிக் கூண்டேற வேண்டும் என்றால் 353-இன்படி எதிரி தன் கைப்பட எழுதிக் கேட்டால்தான் முடியும். ஏறவில்லை என்பதை யாரும் அவருக்கு எதிராகப் பேசக்கூடாது. இந்த இரண்டும் வக்கீலோடு உட்கார்ந்து தயார் செய்ய வேண்டியவை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்டனைக்குப் பிறகு போடும் அப்பீலில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிறையில் இருப்பவர் அப்பீல் மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாலே போதும், அவர் மேல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 424. செஷன்ஸ் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக 60 நாள் கெடு, மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸுக்குப் போக 30 நாள். பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து கைதி ஒரு அப்பீல் அனுப்ப, அவர் குடும்பம் அமர்த்திய வக்கீல் இன்னொன்று தாக்கல் செய்ய, ஒன்றுக்கொன்று தெரியாமல் போவது நடக்கிற காரியம்தான். 425-ஆம் பிரிவு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. சிறையிலிருந்து வந்த அப்பீலை முழு விசாரணையின்றித் தள்ளிவிட்ட பிறகு, அதே ஆளுக்காக வக்கீல் முறையாகத் தாக்கல் செய்த வேறொரு அப்பீல் கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்று தெரிந்தால், நீதியின் நலனுக்காக அதை எடுத்து விசாரிக்கலாம் என்று அனுமதி தருகிறது. வக்கீல் உள்ளவர் தானாகவும் மனு போட்டுவிடுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்த இடம் அது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

ஜாமீனுக்கு இந்தக் கருணை கிடையாது. செஷன்ஸில் வக்கீல் போட்ட ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, அண்ணன் மதுரைக் கிளைக்குத் தனியாக ஒன்று எழுதி, முந்தையதைச் சொல்லாமல் விட்டால், இரண்டுமே கெட்டுப்போகலாம். முன்பு போட்ட மனுக்களையும் அவற்றின் முடிவையும் ஒவ்வொரு ஜாமீன் மனுவிலும் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. சிறையிலிருந்து வரும் மனுவில் இது பெரும்பாலும் விடுபட்டே வரும்.

இப்போது வக்கீல் விஷயம். வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் தனி அடையாளமான பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகத் தள்ளிப்போனது என்று தெரியும். நீதிபதி விடுப்பு, சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை, தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, வக்கீல்கள் புறக்கணிப்பு என்றிருந்தால் எந்த வக்கீலாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. "எதிரி தரப்பு அவகாசம் கோரியது" என்று திரும்பத் திரும்ப இருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

அப்படியானால் வக்கீலை மாற்றுங்கள், ஒளித்து மனு போடாதீர்கள். மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. வழக்கமாகப் பழைய வக்கீல் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட, புதியவர் வக்காலத்துத் தாக்கல் செய்வார். பழையவர் மறுத்தால், இவரை நீக்கிவிட்டேன் என்று அண்ணன் தன் கையால் நீதிமன்றத்துக்கு எழுதலாம். இந்த மனுவை நீதிபதிகள் தட்டிக்கழித்து நான் பார்த்ததில்லை. பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கவும் வக்கீலுக்கு அதிகாரமில்லை. 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரம் பார்த்துச் செய்யுங்கள். சாட்சி கூண்டில் நிற்கும் நாளில் வக்கீல் விலகிக்கொண்டால், குறுக்கு விசாரணை இல்லை என்று பதிந்து மேலே போகவும் 346-இன் கீழ் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சாட்சியைத் திரும்ப அழைக்க 348 இருக்கிறது என்பார்கள், ஆனால் அது கிடைக்கும் என்று எண்ணி இறங்கக்கூடாது. இரண்டு வாய்தாவுக்கு நடுவே, புதிய வக்கீலைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுவதே முறை.

பணம் இல்லை என்றால் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று ஒரு எண்ணம் நம் மக்களிடம் ஊறிப்போயிருக்கிறது. முழுநேரமாக எதிரி தரப்புக்கே வாதாடும் வக்கீல்களைச் சம்பளத்தில் வைக்கும் முறை இப்போது இருக்கிறது. அவர்களில் சிலர் உழைத்த உழைப்பைக் காசு வாங்கியவர்களிடம் நான் கண்டதில்லை.

அடி, சிகிச்சை மறுப்பு, வீட்டாரைப் பார்க்க விடாதது போன்ற சிறைக் குறைகளுக்கு வக்கீலைக் கேட்க வேண்டியதே இல்லை. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் 1979-இல் மனுவாக எடுத்துக்கொண்டது. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது.

அண்ணனுக்குப் பதில் நீங்கள் கையெழுத்திடலாமா என்ற எண்ணம் வந்தால், வேண்டாம். பக்கத்துத் திருவனந்தபுரத்து வழக்கொன்றில், டி.சி. மத்தாய் என்று பெயர், பவர் பத்திரம் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் எதிரிக்காக நீதிமன்றத்தில் நிற்க முடியாது, நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரத்த உறவும் அதற்கு மாற்றாகாது. நேர்காணலில் நீங்கள் அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், எழுதுவது அவர் கையாக இருக்கட்டும்.

அவர் எழுதியே தீர வேண்டும் என்றால் இந்த அளவோடு நிற்கட்டும்: "நான் மேற்படி வழக்கில் முதல் எதிரி. இன்ன தேதி முதல் நாகர்கோவில் மாவட்டச் சிறையில் இருக்கிறேன். என் வழக்கறிஞரைச் சந்தித்துப் பேச முடியவில்லை. குற்றப்பத்திரிகை நகல் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வாய்தாவில் என்னை நேரில் ஆஜர்படுத்தி, வழக்கறிஞர் தொடர்பாக என்னிடம் கேட்டறிய வேண்டுகிறேன்." எத்தனையாவது எதிரி என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் நகல் தர வேண்டும் என்று 230-ஆம் பிரிவே சொல்வதால் அந்தக் கோரிக்கை நியாயமானது. சம்பவம், நிலத்தகராறு, யார் முதலில் கை நீட்டினார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் வரவே கூடாது. மனு எழுதித் தரும் அந்த நண்பரிடம் இதையே எழுதச் சொல்லலாம்.

நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது: ரிமாண்ட் ஆன தேதி, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, இந்த இரண்டையும் வக்கீலின் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்குங்கள். அவர் மழுப்பினால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பிறகு அந்தத் தேதிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். பெயரும் கிரைம் நம்பரும் வேண்டாம். 90 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்று தெரிந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே சிறைக்குப் போய் அண்ணனைப் பாருங்கள்.